ஒளிக்கிற பிஸ்டலும் பிடிக்கிற கையும்

பிள்ளையாரை நினைத்துக்கொண்டு தொடங்குகிறேன். படப்பிடிப்புகளில் பொருட்பிரிவு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நம் பிள்ளைகள் நான்கு பேர் போன மாதம் குரோய்டனுக்குப் பக்கத்தில் மிச்சம் என்ற ஊரிலுள்ள என் வீட்டுக்கு வந்தார்கள். "அங்கிள், இருபத்திரண்டு வருசம் துவக்குகளோட வேலை செய்தனீங்கள். எங்களுக்குப் பிரயோசனமா ஏதாவது எழுதித் தாங்கோவன்" என்று கேட்டார்கள். நான் பள்ளிக்கூடத்தில் ஓ.எல். சோதனை வரை மட்டும் படித்தவன். எழுத்துப் பிழை இருந்தால் அவர்களே திருத்திக்கொள்ளட்டும்.

துவக்குக்குத் தோல் உறை தைப்பது எப்படி, கைப்பிடிக்கு மரம் செதுக்குவது எப்படி என்று நான் எழுதப்போவதில்லை. அவற்றை இப்போது கைபேசியிலேயே பார்த்துப் பழகுகிறீர்கள். யாரும் படம் எடுத்துக் காட்டாத ஒன்றைத்தான் எழுதுகிறேன்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்ததே விசித்திரம். துவக்குச் சத்தத்துக்குப் பயந்து யாழ்ப்பாணத்தை விட்டவன். குரோய்டனில் சப்பாத்து தைத்து, பூட்டுகளுக்குத் திறப்பு வெட்டும் சின்னக் கடையொன்றில் நின்றேன். ஒருநாள் ஒரு வயதான வெள்ளைக்காரர் பிய்ந்துபோன தோல் உறை ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். தைத்துக் கொடுத்தேன். தையலை நகத்தால் சுரண்டிப் பார்த்தவர் அடுத்த கிழமையே என்னைத் தன் பட்டறைக்கு அழைத்துக்கொண்டார். படங்களுக்கும் தொலைக்காட்சி நாடகங்களுக்கும் துப்பாக்கிகள் வாடகைக்குக் கொடுக்கும் பட்டறை. பெரும்பாலானவை ரப்பர். சில மட்டும் வெற்றுத் தோட்டா வெடிக்கும்: குண்டு இல்லை, சத்தமும் நெருப்பும்தான். இப்போதெல்லாம் நெருப்பையும் புகையையும் கணினியில் போட்டுவிடுகிறார்கள், அப்போது அப்படியில்லை.

முதல் சம்பளம் வாங்கிய அன்று என் மனைவி சொன்னாள்: "துவக்குக்குப் பயந்து ஓடி வந்து இஞ்ச துவக்குக்குச் சட்டை தைக்கிறியள். நல்ல விளையாட்டுத்தான்."

நான் சிரித்தேன். ஆனாலும் சரஸ்வதி பூசைக்கு ஊசியையும் அரத்தையும் உளியையும் வைத்துச் சந்தனம் பூசினேனே தவிர, பட்டறையிலிருந்து ஒரு ரப்பர்த் துப்பாக்கியின் படத்தைக்கூட வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை.

அந்த வெள்ளைக்காரர்தான் எங்கள் பட்டறையின் பெரியவர். பெயர் வேண்டாம். அவர் வைத்திருந்த ஒரு வழக்கத்தைச் சொல்லாமல் என் கதை விளங்காது.

ஆளின் உடம்பில் ஒளித்து வைத்து எடுக்கிற சின்னப் பிஸ்டல்தான் எங்கள் வேலையில் பெரிய தலையிடி. உடுப்புப் பகுதியினர் "இன்னும் சின்னதாய்த் தா, புடைத்துத் தெரிகிறது" என்பார்கள். சின்னதாய்க் கொடுத்தால் நடிகரின் கைக்குப் பிடி போதாது. சுண்டுவிரல் அந்தரத்தில் தொங்கும், சிலவற்றில் அதற்கு அடுத்த விரலும் தொங்கும். பிஸ்டலை எவ்வளவும் சிறுப்பிக்கலாம், கையைச் சிறுப்பிக்க முடியாது. ஒருமுறை ஆறடி நடிகர் ஒருவர் மிகச் சின்னதுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். எடுத்து நீட்டியபோது தேத்தண்ணியில் தோய்க்கப் போகிற பிஸ்கட்டைப் பிடித்தவர் போல இருந்தார். முழுப் படப்பிடிப்பும் சிரித்தது. அவருக்கும் புத்தி வந்தது. அன்று எவருக்கும் காயமில்லை. எல்லா நாளும் அப்படி முடியாது.

அதற்காகப் பெரியவர் ஒரு சோதனை வைத்திருந்தார். நடிகர் கண்ணை மூடிக்கொண்டு, அன்றைய உடுப்புக்குள்ளிருந்து அன்றைய பிஸ்டலை ஐந்து முறை எடுக்க வேண்டும். எடுத்த பிறகு ஒருமுறையாவது விரல்களை நகர்த்திப் பிடியைச் சரிசெய்தால் அந்தப் பிஸ்டல் அந்தக் கைக்கு இல்லை. ஐந்து முறையும் சரியென்றால், சோதித்தவர் ஒரு மஞ்சள் அட்டையில் கையெழுத்திடுவார். அட்டை இல்லாமல் வெற்றுத் தோட்டா வெளியே வராது. நான்கு நிமிட வேலை. எத்தனை பெரிய நடிகர் முகம் சுளித்தாலும் பெரியவர் விடமாட்டார்.

இனி நான் சொல்ல வந்தது.

ஒரு தொலைக்காட்சி நாடகத்தில், உளவு வேலை செய்யும் தமிழ்ப் பெண்ணாக நடிக்க ஒருவர் வந்தார். அவரை ரெஜினா என்று எழுதுகிறேன், உண்மைப் பெயர் அதுவல்ல. மன்னார்ப் பக்கம். சவுத்தாலில் இருந்தார். முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. ஷிப்ட் இல்லாத நாட்களில் பதினொரு வருடமாகப் படங்களில் தலைகாட்டியவர். ஆஸ்பத்திரிக் காட்சியில் நோயாளி, சந்தைக் காட்சியில் மரக்கறி வாங்குபவர், இப்படித்தான். ஒரு வரி வசனம் கிடையாது. இந்த நாடகத்தில்தான் முதல்முறையாக அவருடைய பாத்திரத்துக்கு ஒரு பெயரும் ஆறு பகுதிகளுக்கு வசனமும் கிடைத்தன.

அளவெடுக்கப் பட்டறைக்கு வந்தபோது என் நெற்றியில் திருநீற்றைக் கண்டுவிட்டுத் தமிழில் பேசத் தொடங்கினார்.

"அண்ணை, நீங்கள் இஞ்ச நிக்கிறது மாதாவின்ர கிருபை. இவையின்ர இங்கிலீசில துவக்கைப் பற்றிக் கேக்கவே பயமாக் கிடக்கு."

"எனக்கும் பயம்தான் தங்கச்சி. பதினஞ்சு வருசமாப் பயப்பிட்டுக்கொண்டுதான் நிக்கிறன்."

சிரித்தார். நான் சின்னப் பிஸ்டலை வலது கையில் கொடுத்தேன். பிடித்த மாதிரியிலேயே எனக்கு விளங்கிவிட்டது. சுட்டுவிரலும் நடுவிரலும்தான் வேலை செய்தன. மற்ற இரண்டும் பார்வைக்கு நல்ல விரல்கள், ஆனால் பலமில்லை. சும்மா படிந்து கிடந்தன. நான் கையைப் பார்ப்பதை அவரும் பார்த்தார். பட்டறையில் வேறு யாரும் பக்கத்தில் இல்லை என்று தெரிந்துகொண்டு மணிக்கட்டுக் காப்பை மேலே தள்ளிக் காட்டினார். நூல் கட்டியது போல ஒரு தழும்பு.

"செல் வெடிச்ச துண்டு. பதினேழு வயசில. நரம்பு அறுந்துபோட்டுது."

"இவைக்குச் சொன்னனீங்களோ?"

"கேட்டால் சொல்லுவன் எண்டிருந்தன். ஒருத்தரும் கேக்கேல்லை." காப்பைத் திரும்பக் கீழே இறக்கிவிட்டுச் சொன்னார்: "அண்ணை, சொல்லிப்போடாதேங்கோ. சொன்னால் நாளைக்கே வேற ஆளைப் போட்டிடுவினம். பதினொரு வருசம்."

ஓம் என்று தலையாட்டினேன்.

அப்போது பெரியவரிடம் போய், "இந்தக் கைக்கு வெற்றுத் தோட்டா வேண்டாம், ரப்பரைக் கொடுத்துச் சத்தத்தைப் பிறகு சேர்க்கச் சொல்லுங்கள்" என்று சொல்லியிருக்கலாம். காரணம் கேட்டிருப்பார். காரணம் சொன்னால் அந்தப் பிள்ளையின் வேலை போய்விடும் என்று நினைத்தேன். எங்கள் ஆள், எங்கள் காயம். அதைக் கொண்டுபோய் மற்றவர்கள் முன் வைப்பதா என்றும் இருந்தது. ஆகவே வேறு வழி பார்த்தேன். வால்நட் மரத்தில், பிடியின் அடியில் பொருத்துகிற மாதிரி, பெருவிரல் நீளத்துக்கு ஒரு துண்டு செதுக்கினேன். பின்பக்கம் கொஞ்சம் பருமனாய், உள்ளங்கைக் குழியை நிரப்பும் வண்ணம். பலமில்லாத இரண்டு விரல்களும் அதில் சாய்ந்து கிடந்தால் போதும், உள்ளங்கை பிஸ்டலைத் தாங்கிக்கொள்ளும். அவரைத் திரும்ப மூன்று தரம் கூப்பிட்டு, அவர் கையைப் பார்த்துப் பார்த்து அரத்தால் தேய்த்தேன். நான் செய்த வேலைகளில் அதைவிட நல்லது ஒன்றில்லை.

படப்பிடிப்பு நாள். பெரியவர் வேறொரு படத்துக்குப் போயிருந்தார், நான் தனியே பொறுப்பு. காலையில் மரத்துண்டைப் பொருத்தி ரெஜினாவுக்குச் சோதனை வைத்தேன். கண்ணை மூடினார், வாய் மட்டும் செபம் போல அசைந்தது. ஐந்து முறை எடுத்தார். ஒரு விரல் நகரவில்லை. மஞ்சள் அட்டையில் கையெழுத்திட்டேன்.

மத்தியானம் காட்சி. சாம்பல் நிறத்தில் மெல்லிய கம்பளிச் சட்டை, உடம்போடு ஒட்டினாற்போல. ரெஜினா இரண்டு அடி நடந்து திரும்பினார். உடுப்புப் பகுதிப் பெண் கையை உயர்த்தினார்.

"இடுப்பில் ஏதோ பந்து மாதிரித் தெரிகிறது."

இயக்குநர் திரையைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "அடியில் இருக்கும் அந்த வாலைக் கழற்ற முடியுமா? இப்படிப் புடைத்துக்கொண்டு நின்றால் இவள் உளவாளி என்று பஸ்ஸில் போகிறவனுக்கும் தெரிந்துவிடும்."

எல்லோரும் சிரித்தார்கள். ரெஜினா மற்றவர்களுக்காகச் சிரித்த முகத்தோடு, என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார்:

"கழட்டுங்கோ அண்ணை. நான் சமாளிப்பன்."

"ஏலுமோ தங்கச்சி?"

"ஏலும் எண்டு அவைக்குச் சொல்லுங்கோ."

"உங்களைத்தான் கேக்கிறன்."

"அண்ணை, எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்கினம்."

அந்தக் கண்ணில் இரண்டும் இருந்தன: கழற்றச் சொல்வதும் வேண்டாம் என்பதும். நான் எனக்கு வசதியானதை எடுத்துக்கொண்டேன். இயக்குநரிடம் திரும்பி, "பிரச்சினை இல்லை, சேர்" என்றேன். இந்த நாட்டில் நான் அதிகம் சொன்ன வார்த்தை அதுதான். கவுன்சிலில், வங்கியில், பள்ளிக்கூடத்தில், எங்கேயும். மரத்துண்டைக் கழற்றி என் பொக்கற்றுக்குள் போட்டேன். பிஸ்டல் மாறினால் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். நான்கு நிமிடம். ஆனால் ஜன்னல் வெளிச்சம் போகிறது என்று ஒளிப்பதிவாளர் அவசரப்படுத்தினார். காலையில் போட்ட அட்டை கையில் இருந்தது. அதையே காட்டிவிட்டு வெற்றுத் தோட்டாக்களைப் போட்டேன்.

ரெஜினா எடுத்தார். முதல் வெடி போனது. சின்னப் பிஸ்டலுக்குத்தான் உதைப்பு அதிகம், அது கைக்குள் திரும்பியது. விழாமல் இறுக்கிப் பிடிக்கப் பார்த்தார். விசையில் இருந்த விரலும் சேர்ந்து இறுகியது. இரண்டாவது வெடி வலப்பக்கம் போனது. அங்கேதான், நாங்கள் அளந்து வைத்த தூரத்தில், மைக் கம்போடு ஓர் ஆள் நின்றார். அவருக்கென்று அளந்தது நேரே சுடுகிற வெடிக்கான தூரம். அவர் கம்பைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு முழங்காலில் இருந்தார்.

வெற்றுத் தோட்டாதானே என்று நினைக்காதீர்கள் பிள்ளைகளே. அந்த மனிதருக்கு இடது காது திரும்பி வரவில்லை. சத்தத்தைக் கேட்டுப் பிழைத்தவர்.

விசாரணை வைத்தார்கள். தயாரிப்பாளர் பக்கத்திலிருந்து பாதுகாப்பு அதிகாரிகள் மூன்று பேர், பெரியவர், ரெஜினா, நான், எல்லோரும் ஒரே மேசையில்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் அகதிகளாக வந்த காலத்தில் குரோய்டன் குடிவரவு அலுவலகக் கட்டிடத்தில் நேர்காணலுக்குப் போகிற ஒவ்வொருவருக்கும் முன்னம் போனவர்கள் ஒரே புத்தியைத்தான் சொல்லி அனுப்பினார்கள்: "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. கேளாததைச் சொல்லி மாட்டுப்படாதை." அது என்னைக் காப்பாற்றியது, விசா வாங்கித் தந்தது. என் எலும்புக்குள் இறங்கி இருந்துவிட்டது.

என்னைக் கேட்டார்கள்.

"சோதனை செய்தீர்களா?" செய்தேன்.

"ஐந்து முறையுமா?" ஐந்து முறையும்.

"சோதனையில் விரல்கள் நகர்ந்தனவா?" இல்லை.

"இது உங்கள் கையெழுத்தா?" ஓம்.

நான்கும் உண்மை. சோதனைக்கும் வெடிக்கும் இடையில் ஏதாவது மாறியதா என்று அவர்கள் கேட்கவில்லை. கழற்றச் சொன்ன இயக்குநருக்கும் அது வெறும் வால்தான், அவர் அதைப்பற்றி வாய் திறக்கவில்லை. அந்த மரத்துண்டு அப்போதும் என் பொக்கற்றுக்குள் கிடந்தது. தொடையில் அது அழுத்துவதை ஒவ்வொரு கேள்விக்கும் உணர்ந்தேன்.

பிறகு ரெஜினாவைக் கையைக் காட்டச் சொன்னார்கள். காப்பைக் கழற்றினார்.

"இந்தக் காயத்தை வேலைக்கு முன்னர் யாரிடமாவது சொன்னீர்களா?"

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "இல்லை. ஒருவரிடமும் சொல்லவில்லை" என்றார்.

பிள்ளைகளே, நான் வாயைத் திறக்க வேண்டிய இடம் அது. யாரும் என்னைக் கேட்க வேண்டியதில்லை. "என்னிடம் சொன்னார்" என்ற இரண்டு சொல் போதும். என் மகன் அப்போது பல்கலைக்கழகத்தில் முதல் வருடம், வீட்டுக் கடன் பாதிகூட முடியவில்லை. இதையெல்லாம் நியாயமாக எழுதவில்லை, அந்த நிமிடம் மனதில் ஓடியதை எழுதுகிறேன். முருகா, முருகா என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். முருகனைக் கூப்பிட்டது உண்மை சொல்லத் துணிவு கேட்டு அல்ல, அடுத்த கேள்வி வராமல் இருக்க.

வரவில்லை.

காயத்தை மறைத்தவர் என்று ரெஜினாவின் பெயர் எழுதப்பட்டது. அந்தப் பாத்திரத்துக்கு வேறு ஒரு பெண் வந்தார். அதற்குப் பிறகு ரெஜினாவைச் சந்தையில் மரக்கறி வாங்கும் கூட்டத்துக்குக்கூட ஒருவரும் கூப்பிடவில்லை. மைக் கம்பு பிடித்தவர் தொழிலை விட்டுவிட்டுப் போய்விட்டார், எங்கே என்று எனக்குத் தெரியாது.

பெரியவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் பட்டறைக்குத் திரும்பியதும் அந்தப் பிஸ்டலை எடுத்து, பிடியின் அடியில் மரத்துண்டு பொருந்தியிருந்த இடத்தில் விழுந்த மெல்லிய கீறலை விரலால் தடவிப் பார்த்தார். என்னை ஒருமுறை பார்த்தார். பிஸ்டலை அலுமாரியில் வைத்துப் பூட்டினார். அடுத்த நாளிலிருந்து மஞ்சள் அட்டையில் கையெழுத்திடும் வேலை எனக்கு வரவில்லை. ஏழு வருடம் அந்தப் பட்டறையில் உறை மட்டும் தைத்தேன். அவரும் கடைசிவரை கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவருடைய செத்தவீட்டில் கடைசி வரிசையில் நின்றுவிட்டு வந்தேன்.

அந்த மரத்துண்டை எறிய மனம் வரவில்லை. ஒவ்வொரு சரஸ்வதி பூசைக்கும் ஊசிக்கும் உளிக்கும் பக்கத்தில் அதையும் வைப்பேன். சந்தனம் மட்டும் பூசுவதில்லை. "உதென்ன சாமான், எந்தத் தளவாடத்தின்ர துண்டு?" என்று மனைவி கேட்டாள். "பழசு" என்றேன். கேட்டதற்கு மட்டும் பதில்.

நீங்கள் எழுதச் சொல்லிக் கேட்டபோது எனக்கு இதைத் தவிர எழுத ஒன்றுமில்லை. ஆனால் அது என்னுடைய கதை மட்டும் அல்லவே. ஆகவே முதலில் பட்டறைக்கு ஒரு கடிதம் எழுதி, நடந்ததை எல்லாம் சொன்னேன். பிறகு போன சனிக்கிழமை சவுத்தாலுக்குப் போனேன். ரெஜினாவின் வீட்டு மணியை அடித்தேன்.

என்னைக் கண்டதும் அடையாளம் தெரிந்துவிட்டது. "வாங்கோ அண்ணை. தலைமயிரெல்லாம் கொட்டிப்போட்டுதே" என்றார். குசினியில் அடுப்புக்குப் பக்கத்து மேசையில் இருத்தித் தேத்தண்ணி போட்டார். கேத்தலை இடது கையால் தூக்கினார். இன்னும் அதே முதியோர் இல்லத்தில்தான் வேலையாம். சுவரில் மாதா படம், அதன் கீழே செபமாலை.

நான் வந்த விசயத்தைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அவையிட்டச் சொன்னீங்களோ?"

"கடிதம் போட்டனான்."

"என்ன சொன்னவை?"

"அந்தப் பைல் மூடியாச்சாம்."

"ம்." கோப்பையைச் சுற்றினார். "நான் மன்னிச்சிட்டன் எண்டு சொல்லுவன் எண்டு வந்தனீங்களோ?"

"இல்லை தங்கச்சி. எழுதலாமோ எண்டு கேக்க வந்தனான்."

"ஞாயிறு பூசையில எல்லாரையும் மன்னிக்கிறன் எண்டுதான் சொல்லுறன். அதுக்குள்ள நீங்களும் இருக்கிறியள்தான். ஆனால் அந்தக் காதுபோன மனுசன் என்னாலதான் எண்டு நினைச்சு நினைச்சு எத்தினை வருசம். நீங்கள் ஒரு போன் எடுத்து, இல்லை, ரெண்டு பேராலயும்தான் எண்டு எனக்கு மட்டுமாவது சொல்லியிருக்கலாம்."

என் கோப்பையைத் தள்ளி வைத்தேன்.

"எழுதுங்கோ," என்றார். "பெயரை மாத்திப்போடுங்கோ. புதுசா வாற பிள்ளையளுக்குச் சொல்லுங்கோ, கேக்காட்டிலும் சொல்லச் சொல்லி."

அவர் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன். இதற்கு மேல் சேர்க்க எனக்குத் தகுதியில்லை. ஒன்று மட்டும்: உடுப்பு மாறினால், பிஸ்டல் மாறினால், ஒரு சின்னத் துண்டு கழன்றால், பழைய அட்டையைக் கிழித்துவிட்டு முதலிலிருந்து ஐந்து முறை. வெளிச்சம் நாளைக்கும் வரும்.

அன்று அவர் வீட்டிலிருந்து எழும்புவதற்கு முன் பொக்கற்றிலிருந்து மரத்துண்டை எடுத்து மேசையில் வைத்தேன். ஏன் கொண்டுபோனேன் என்று எனக்கே தெரியாது.

"இதை எறியேல்லையோ?" என்றார்.

வலது கையை நீட்டி எடுத்தார். கண்ணை மூடினார். பலமில்லாத அந்த இரண்டு விரல்களும் தங்கள் இடத்தில் போய்ப் படுத்தன. உள்ளங்கை குழிந்து அதை மூடிக்கொண்டது. மேசையில் வைத்தார், திரும்ப எடுத்தார். ஐந்து முறை. நான் எண்ணினேன். ஒரு விரல் நகரவில்லை.

பிறகு கண்ணைத் திறந்து அதை என் பக்கம் தள்ளினார்.

"அளவு சரியாத்தான் இருந்திருக்கு, அண்ணை."